ஐந்நூறு டப்பா பிரேயானியும் ஒரு பைபாஸும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம். 2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், பக்கத்து வீட்டு அண்ணாவின் கராஜ் வாசலில் 500 பேருக்குக் கோழி பிரேயானி சமைத்தோம். என் வீட்டுக்காரரின் பைபாஸ் ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்கத்தான். டப்பா 60 ராண்ட். செலவு 19,350 ராண்ட். அன்று சாயங்காலம் கையில் நின்றது 18,720. மூன்று வாரம் ஊரெல்லாம் அலைந்ததற்கு 630 ராண்ட் கைநட்டம். ராத்திரி பதினோரு மணிக்கு அண்டாவின் அடிப்பிடிப்பைச் சுரண்டிக்கொண்டே அழுதேன். பிழைப்புக்கே கணக்கு எழுதுகிறவள் நான். ஒரு துணிக் கிடங்கின் அலுவலகத்தில் மற்றவர்கள் கணக்கில் பத்து ராண்ட் உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் சொந்தக் கணக்கில் இப்படி வழுக்கி விழுந்தேன்.

எனக்குக் கரூர் பக்கம். 2008இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். இவர் இந்த மண்ணில் நான்காம் தலைமுறை. இங்கே நம்மவர்கள் வீட்டிலும் பேச்சு ஆங்கிலம்தான். ஆனால் அண்ணா, அக்கா, ஆயா, தாத்தா எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கள் வீட்டில் தமிழ் ஓடுவது என் மாமியாரால். 78 வயது. அவர் பேசும் பழைய வட ஆற்காட்டுத் தமிழ் எனக்கே சில நேரம் புரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தருகிறேன். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊரே என்னை 'டீச்சர் அக்கா' என்று கூப்பிடும். தெரிந்த முகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த ஆறு மாதம் நான் தனி ஆள்தான். கரூரில் அப்பாவிடம் சொன்னால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். இவரிடம் சொன்னால் இருதயத்துக்கு ஆகாது. மாமியாரிடம் சொல்லவே முடியாது.

மே மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தது. இவருக்கு 49 வயது. ஜன்னல் கம்பி, கேட் வெல்டிங் செய்கிற சொந்தத் தொழில். நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாடை இழுக்கிறது என்றார், பல்லாக இருக்கும் என்றேன். மேல் வயிறு உப்பியது மாதிரி இருக்கிறது என்றார், ஈனோ கலக்கிக் கொடுத்தேன். மூன்று டம்ளர்! பனியன் முதுகில் ஒட்டுகிற அளவுக்கு வியர்வை. மே மாதம் இங்கே குளிர் தொடங்குகிற காலம், அந்தக் குளிரில் ஒரு மனிதனுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று மணிக்கு இடது கை மரத்துப்போச்சு என்ற பிறகுதான் கார் சாவியைத் தேடினேன். ஐந்து மணி நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியும், அடைப்பைத் திறக்கும் சிகிச்சையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு இருதயத் தசை பிழைக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னபோது, அந்த மூன்று ஈனோ டம்ளரும் என் கண் முன்னால் வந்து நின்றன. கார் எடுத்ததும் தப்பு. வழியில் இவர் இருதயம் நின்றுபோயிருந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்? அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இந்த இரண்டு எண்ணையும் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். தாடை, தோள்பட்டை, முதுகு, மேல்வயிறு, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குதல், இதில் எதுவும் மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் வருமாம்.

பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். பெயர் வேண்டாம். முதல் கேள்வியே, "மெடிக்கல் எய்ட் இருக்கா?" மாதாமாதம் பணம் கட்டுகிற மருத்துவக் காப்பீடு அது. 2020இல் ஊரடங்கில் தொழில் படுத்தபோது மாதத் தவணை கட்ட முடியாமல் நிறுத்தியிருந்தோம். இல்லை என்றதும் இரண்டு லட்சம் ராண்ட் முன்பணம் கேட்டார்கள். இவர் தள்ளுநாற்காலியில், நான் கவுண்ட்டரில், நடுவில் ஒரு கண்ணாடி. இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவில், அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கெஞ்சியிருக்க மாட்டேன், "முதலில் உயிரைக் காப்பாற்றி நிலைப்படுத்துங்கள், அப்புறம் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள்" என்று கேட்டிருப்பேன். கடைசியில் நடந்ததும் அதுதான். ஆனால் நாற்பது நிமிஷம் கழித்து, நான் போட்ட கூச்சலில் ஒரு இளம் டாக்டர் வெளியே வந்த பிறகு. அந்த ஒரு ராத்திரிக்கு 23,000 ராண்ட் பில். கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். மெடிக்கல் எய்ட் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாரடைப்பு மாதிரியான அவசரம், திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கட்டாயம் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் வருகிறது. 'உங்கள் பிளானில் இல்லை' என்று போனில் யாராவது சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். நோய் வந்த பிறகு சேரலாம் என்றும் இருக்காதீர்கள். பொதுவாக மூன்று மாதம், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருக்க வைக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ எடுத்தார்கள். மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு, ஸ்டென்ட் போதாது, பைபாஸ்தான் என்றார்கள். மாத்திரையில் நிலையாக இருக்கிறார், வரிசையில் பெயர் போடுகிறோம், மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். அந்தக் காத்திருப்புக் கூடத்தில் பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னார், உலகத்திலேயே முதன்முதல் ஒருவருடைய இருதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தது நம் நாட்டில்தான், தனக்கு ஒரு தேதி கொடுக்கத்தான் ஆளில்லை என்று. உண்மைதான். 1967 டிசம்பர் 3, கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரி, டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதத்துக்குள் இன்னொரு ஞாயிறு ராத்திரி வந்தால்?

அந்தப் பயத்தில்தான் முதல் பெரிய தப்பைச் செய்தேன். தனியாரில் என்ன ஆகும் என்று விசாரித்தேன். 4,20,000 ராண்ட் என்றார்கள். அதுவும் முழுத் தொகை இல்லையாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு பில், சர்ஜனுக்கு ஒன்று, மயக்க மருந்து டாக்டருக்கு ஒன்று, ஆபரேஷன் நேரத்தில் இருதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஒன்று என்று நான்கு பேரிடம் தனித்தனியாக எழுத்தில் விலை வாங்க வேண்டும். நான் வாங்கியது ஒரே ஒரு விலை, அதுவும் போனில். அதை வைத்துக்கொண்டு ஊரிடம் கை நீட்டிவிட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கவே இல்லை. அங்கே வருமானத்தை வைத்து ஹெச் 0, 1, 2, 3 என்று பிரிக்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும்: அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, சொந்தத் தொழில் என்றால் ஒரு உறுதிமொழிப் பத்திரம். நான் வெறுங்கையோடு போனதால் முதலில் இவரை முழுக் கட்டணக்காரர் என்று எழுதிவிட்டார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் இன்னும் பயந்துபோனேன். இரண்டு மாதம் கழித்து வார்டில் ஒரு சமூகப் பணியாளர் சொல்லித்தான் மாற்றினேன். இந்த ஒரு விசாரிப்பை மே மாதமே செய்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி நடந்தே இருக்காது.

வாட்ஸ்ஆப்பில் ஒரு வேண்டுகோள் எழுதினேன். இவர் படம், டாக்டர் சீட்டு, என் வங்கிக் கணக்கு எண். ஜூன் மாதம் முழுக்கப் பணம் வந்தது. ஐம்பது ராண்ட் போட்டவர்கள் இருக்கிறார்கள், ஐயாயிரம் போட்ட முகம் தெரியாத ஒருவரும் இருக்கிறார். மொத்தம் 118 பேர், 64,300 ராண்ட். ஒவ்வொரு முறை போன் 'டிங்' என்னும்போதும் அழுகை வரும். நல்ல அழுகை. ஆனால் அந்தக் கணக்கு எது? என் சம்பளம் விழுகிற கணக்கு. கார் தவணை, வீட்டு இன்ஷூரன்ஸ், ஈமச்சடங்கு பாலிசி, பள்ளிக் கட்டணம் என்று வங்கியே மாதாமாதம் தானாக இழுத்துக்கொள்ளும் டெபிட் ஆர்டர் எல்லாம் ஓடுகிற கணக்கு. இவர் வருமானம் நின்றிருந்தது. ஜூலை 1ஆம் தேதி காலையில் என் சம்பளத்தைத் தின்று முடித்துவிட்டு, ஊர் கொடுத்த பணத்திலிருந்தும் 7,240 ராண்டை டெபிட் ஆர்டர்கள் இழுத்துக்கொண்டன. யாரும் திருடவில்லை. ஆனால் அறிக்கையைப் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அம்மா கல்யாணத்துக்குப் போட்ட வளையலில் இரண்டை விற்று அந்தப் பணத்தைத் திரும்பக் கட்டினேன். இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது.

யாருக்காவது பணம் திரட்டப் போகிறீர்கள் என்றால், தெருவில் ஒரு டம்ளரை நீட்டுவதற்கு முன்பே தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் யார் என்று வேண்டுகோளிலேயே எழுதுங்கள். வாராவாரம் வரவு செலவைப் போடுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். அப்புறம் மிக முக்கியமான ஒரு வரி: 'ஆபரேஷனுக்குத் தேவைப்படாமல் மீதம் வந்தால் இந்தப் பணத்தை இன்னதுக்குப் பயன்படுத்துவோம்.' நான் இதை எழுதவில்லை. மீதம் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லையே.

இரும்புக் கடை முதலாளி ஒருவர், இவரிடம் இருபது வருஷமாகச் சரக்கு விற்றவர், பத்தாயிரம் தருகிறேன், 18ஏ ரசீது மட்டும் கொடுங்கள் என்றார். அது என்னவென்று தெரியாமல் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கொடையை வருமான வரியில் கழித்துக்கொள்ள உதவும் ரசீது அது. வரித்துறை அதற்கென்று அனுமதித்த பொதுநல அமைப்புகள் மட்டுமே கொடுக்க முடியும். தனி மனிதருக்குக் கொடுக்கிற பணத்துக்குக் கிடையாது. கோவிலில் கேட்டேன், அவர்களிடமும் இல்லை. வாக்கு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போய் நின்றேன். பத்தாயிரம் போனது பெரிதில்லை, அவர் என்னைப் பார்த்த பார்வைதான். பழக்கூடையைப் பரிசாக வைத்து ராஃபிள், அதாவது குலுக்கல் சீட்டு, ஒன்றும் நடத்தப் பார்த்தேன். நல்ல வேளை, அலுவலகத்தில் ஒருவர் தடுத்தார். ராஃபிளும் லாட்டரிச் சட்டத்தில்தான் வரும், நினைத்தவரெல்லாம் தெருவில் சீட்டு விற்க முடியாது.

இப்போது பிரேயானிக்கு வருகிறேன். டர்பனில் நம் ஜனங்களுக்குப் பணம் திரட்டுவது என்றாலே பிரேயானிதான். பள்ளிக்கூடக் கூரைக்கும் பிரேயானி, கால்பந்து அணிக்கும் பிரேயானி. நம் ஊர் பிரியாணி இல்லை இது. அரிசியோடு முழு மைசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் அடுக்கி, பக்கத்தில் பருப்புக் குழம்பும் புளித்த தயிரும் வைத்துக் கொடுப்பார்கள். கோவில் வளாகத்தில் கறி கூடாது என்பதால் கராஜ். 500 டிக்கெட் அச்சடித்து, பத்து, இருபது என்று கட்டுக் கட்டாகத் தெரிந்தவர்களிடம் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். அதை நான் 'விற்றுவிட்டது' என்று எழுதிக்கொண்டேன். இதுதான் என்னைக் கவிழ்த்தது. கட்டு கை மாறியது, காசு கை மாறவில்லை. வெள்ளிக்கிழமை 110 கிலோ கோழி வந்து இறங்கியது. விடிகாலை மூன்று மணிக்கு அண்ணாவும் அவர் தம்பிகளும் விறகைப் பற்ற வைத்தார்கள். வெங்காயப் புகையும் நெய் வாசனையும் தெருக்கோடி வரை போனது. மனசு நிறைந்திருந்தது. பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து டிக்கெட் கட்டைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். "சாரி அக்கா, மாசக் கடைசி." "வேலைல யாரும் எடுக்கல அக்கா." மதியம் இரண்டு மணிக்குக் காசு வந்தது 312 டப்பாவுக்கு. மீதி 188 மூடி போட்டு மேஜையில் அடுக்கியிருந்தது. வேலைசெய்தவர்களுக்குக் கொஞ்சம், முதியோர் இல்லத்துக்கு மீதி. அப்புறம் ஒரு மாதம் வாசல் வாசலாகப் போய் 41 டிக்கெட் காசு வசூலித்தேன், 2,460 ராண்ட். ஆக நிகர லாபம் 1,830.

டிக்கெட்டை எண்ணாதீர்கள், காசை எண்ணுங்கள். சமைக்கிற நாளுக்கு நான்கு நாள் முன்பே விற்காத டிக்கெட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். காசு வந்த எண்ணிக்கையோடு இருபது சேர்த்து, அதற்கு மட்டும் கோழி சொல்லுங்கள். மாதக் கடைசி சனிக்கிழமை வேண்டாம், சம்பளம் போட்ட அடுத்த சனிக்கிழமை வையுங்கள். அரிசி, டப்பா, காஸ் என்று கேட்டால் கடைக்காரர்கள் பொருளாகத் தருவார்கள். பணமாகக் கேட்டால் யோசிப்பார்கள். எனக்கு 500 டப்பாவும் மூடியும் ஓசியில் கிடைத்திருக்கும், கேட்கத் தோன்றவில்லை.

பணத்தைவிட மோசமானது பேச்சு. ஆகஸ்டில் கோவிலில் ஒரு அக்கா என் மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பள்ளி ஷூ. பழையது பிய்ந்துபோய், கார்டில் வாங்கியது. "ஃபண்டு நல்லா வருது போல" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஷூவின் ரசீதைத் தேடி எடுத்து, ஒரு கவரில் போட்டு, பீரோவில் வைத்தேன். யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அந்த மாதங்களில் நான் ஐஸ்கிரீம்கூட வெளியே நின்று சாப்பிடவில்லை. பிறர் பணத்தை வாங்கிய பிறகு நம் தட்டில் விழுகிற ஒவ்வொரு பருக்கையையும் நாமே எண்ண ஆரம்பித்துவிடுகிறோம்.

இதில் ஒரு திருப்பம். பிரேயானி நாளன்று இரண்டு டப்பா வாங்கிய ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ், இங்கே எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம், மூடியைத் திறந்து நெய்யைப் பார்த்துவிட்டு, "இருதயத்துக்குன்னு சொல்லி அடைப்பை விக்கிறியேம்மா" என்றார். சுருக்கென்று இருந்தது. ஒரு வாரம் கழித்து நானே அவர் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்து, காகிதத்தில் எழுதிக் காட்டினார். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற ஆய்வில், முதல் மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது: கொழுப்பு, புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனஅழுத்தம், காய்கனி தின்னாதது, உடம்பை அசைக்காதது, குடி விஷயம். தெற்காசியர்களுக்கு அது மற்றவர்களைவிட ஐந்தாறு வயது முன்னாலேயே வந்துவிடுகிறது. இவருக்கு ஒன்பதில் ஆறு இருந்தது, ஒன்றைக்கூட நாங்கள் அளந்து பார்த்ததில்லை. "உன் புருஷனுக்கு ஊரு காசு கொடுத்துச்சு, நீ ஊருக்கு என்ன கொடுக்கப்போற?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நானே முழுகிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் செய்தோம். இந்த நாட்டில் செப்டம்பர் இருதய விழிப்புணர்வு மாதம், 29ஆம் தேதி உலக இருதய தினம். அது எப்போதும் புரட்டாசியில் விழும். டர்பன் தமிழருக்குப் புரட்டாசி என்றால் மாதம் முழுக்கக் கறி கிடையாது. கரூரில்கூட இவ்வளவு கண்டிப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை கோவிலில் நிற்க இடமிருக்காது. வாயைக் கட்டியிருக்கிற ஜனம், தானாகவே ஒரு இடத்தில் கூடியிருக்கிறது, இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும்? 2023 செப்டம்பர் 30, சனிக்கிழமை. இரவல் வாங்கிய மூன்று பிபி கருவி, ஒரு அளவு நாடா, இரண்டு மேஜை. செலவு 340 ராண்ட், அதுவும் காகிதத்துக்கும் பேட்டரிக்கும்.

முதல் ஒரு மணி நேரம் சொதப்பல். வந்தவர்கள் எல்லாருக்கும் பிபி எகிறியது. சிஸ்டர் வந்து பார்த்தார். படியேறி மூச்சு வாங்க வருகிறவரை அப்படியே உட்கார வைத்து, பக்கத்தில் தவில் முழங்க, கையில் காப்பியோடு, பேசிக்கொண்டே அளந்தால் வேறென்ன வரும்? மேஜையைக் கோவிலுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். ஐந்து நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் என்று நகர்ந்து வர வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை இருதய மட்டத்துக்கு மேஜையில், வாயே திறக்கக்கூடாது. சிறுநீர் முட்டினால் போய்விட்டு வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும், அதனால் பெரிய பட்டை ஒன்றாவது வேண்டும். இடுப்பை நாடாவால் அளந்தோம். நம்மவர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80க்கு மேல் போனால் கவனம். நாடாவைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுக்காத ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை.

இன்னொரு பாடம்: '140க்கு 90ஐத் தாண்டிவிட்டது' என்று சொல்லி அனுப்பினால் மட்டும் போதாது. பயந்துபோய் வீட்டில் படுத்துக்கொள்வார்கள், இல்லை மறந்துவிடுவார்கள். ஒரு சீட்டில் எண்ணை எழுதி, எந்த அரசு கிளினிக், எந்தக் கிழமை என்று குறித்துக் கொடுங்கள். கிளினிக்கில் பார்ப்பதற்கும் பிபி மாத்திரைக்கும் காசில்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு நாள் எண்ணை வைத்து வியாதி என்று முடிவு கட்டவும் கூடாது, வேறு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். 180க்கு மேல் இருந்தவர்களை மட்டும் சிஸ்டர் தனியே உட்கார வைத்து மறுபடி அளந்தார். இரண்டு பேரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதில் ஒருவர், ஷூவைப் பார்த்தாரே, அந்த அக்கா. நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியில் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

மூன்றாவது நாற்காலியில் என் மாமியார் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். மகனுக்கு மாரடைப்பு வந்து நான்கு மாதம் ஆகியும் இவரை ஒருவரும் அளக்கவில்லை. 172. சிஸ்டர் உப்பைப் பற்றிக் கேட்டார். "நான் உப்பே சேக்கறதில்ல, ஊறுகாதான்" என்றார் அத்தை. 2016இலிருந்து இங்கே கடை ரொட்டியில் உப்புக்குச் சட்டப்படி வரம்பு இருக்கிறது. எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாய்ச் சாடிக்கு எந்தச் சட்டம்?

அக்டோபர் கடைசியில் போன் வந்தது. நவம்பர் இரண்டாம் வாரம் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து, நெஞ்செலும்பைப் பிளந்து, ஐந்து மணி நேரம். நன்றாகச் செய்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கையிலிருந்து போனது ஒரு பிரேயானி அண்டாச் செலவுகூட இல்லை. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது சந்தோஷத்தோடு சேர்ந்து வயிற்றைப் பிசைந்தது: இப்போது அந்த 66,130 ராண்டை என்ன செய்வது?

மூன்று நாள் தூங்கவில்லை. கடைசியில் 118 பேருக்கும் ஒரே மாதிரி எழுதினேன். டெபிட் ஆர்டர் இழுத்தது, வளையல் விற்றது, பிரேயானி நட்டம், எல்லாவற்றையும். உங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்காவிட்டால், அந்த முதல் ராத்திரி பில்லுக்கு 23,000, கோவிலுக்குப் பிபி கருவிகள் வாங்க 9,000, மீதி இவர் வெல்டிங் தொடாமல் இருக்க வேண்டிய மூன்று மாதத்துக்கு வீட்டுச் செலவு. ஒன்பது பேர் திரும்பக் கேட்டார்கள், 5,600 ராண்ட், மறுநாளே அனுப்பினேன். ஒருவர் அனுப்பிய பிறகும் திட்டினார். பெரும்பாலானவர்கள் ஒரு கட்டைவிரல் படம் போட்டார்கள், அவ்வளவுதான். இரும்புக் கடை முதலாளி மட்டும் போன் செய்து, பெரிய பட்டையோடு ஒரு பிபி கருவியை ரசீதே கேட்காமல் வாங்கிக் கொடுத்தார்.

போன வருஷம் புரட்டாசியிலும் மேஜை போட்டோம். ஐந்து நாற்காலிக்கும் இவர்தான் காவல். சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு, தழும்பு தெரிய உட்கார்ந்துகொள்வார். யாராவது வாயைத் திறந்தால் விரலால் அந்தத் தழும்பைக் காட்டுவார், அவ்வளவில் கப்சிப். அத்தை ஐந்தாவது நாற்காலிக்கு வந்து கையை நீட்டினார். 138. "பாத்தியா?" என்று என்னைப் பார்த்தார். "இனிமே அந்த ஊறுகா சாடிய எடுத்துக் கொடுப்பியா, மாட்டியா?"